இடம்பெயர்ந்த மாதா

மடுக் கோயில் பெரியது. அதைச் சூழ்ந்த வெளியும் அதற்கப்பால் விரியும் வன்னிக் காடும் இன்னும் பெரியவை. இவற்றின் நடுவே, பீடத்தில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் மாதாவின் சொரூபம் மட்டும் சிறியது. ஓர் ஆள் இரு கைகளாலும் தூக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு நடந்துவிடலாம். அதன் வரலாறு முழுவதையும் தீர்மானித்தது அந்த அளவுதான். ஆட்சி மாறியபோதும் ஷெல் விழுந்தபோதும் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. தூக்கியவர்கள் ஓடிய ஓட்டமே அதன் சரித்திரம்.

ஈழத்தில் வாழ்ந்த தமிழருக்கு இடப்பெயர்வைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. உரப்பையில் உடுபுடவை, ஒரு பானை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம். இடுப்பில் ஒரு குழந்தை. வீட்டை விட்டு இறங்கும் அந்த ஐந்து நிமிடத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு மனிதர் முடிவெடுப்பதில் அவருடைய வாழ்வு முழுவதும் தெரிந்துவிடும். மடு அமைந்திருக்கும் மன்னார் மாவட்டத்துக் கத்தோலிக்கர் இரண்டு முறை அப்படி இறங்கியபோது மாதாவின் சொரூபத்தையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் முறை 1670இல். இரண்டாம் முறை 2008இல். இடையில் 338 ஆண்டுகள். கதியற்ற நிலையில் கடவுளை நம்புவது எப்படியிருக்கும் என்று கேட்பவருக்கு இந்த இரண்டு பயணங்களையும் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

மாந்தைத் துறை

மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கிறது மாந்தை. மாதோட்டம் என்று பழம்பெயர் பெற்ற துறைமுகம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அங்கேதான் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் பிரான்சிஸ் சவேரியார் வேதம் போதித்துக்கொண்டிருந்த காலத்தில், மன்னார் மக்களும் தங்களுக்குத் திருமுழுக்குத் தரும்படி ஆளனுப்பினார்கள். அவர் தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பிவைத்தார். மன்னார்க் கரையில் கிறிஸ்தவம் தொடங்கியது அப்படித்தான்.

தொடங்கிய வேகத்திலேயே இரத்தமும் சிந்தியது. திருமுழுக்குப் பெற்றவர்கள் போர்த்துக்கேயரின் குடிகளாகிவிடுவார்கள் என்று யாழ்ப்பாண அரசன் சங்கிலி அஞ்சினான். 1544இல் படையோடு மன்னாருக்கு வந்தான். பழைய மதத்துக்குத் திரும்ப மறுத்தவர்கள் வெட்டப்பட்டார்கள். இறந்தவர்கள் 600 பேருக்கு மேல் என்று திருச்சபை வரலாறு சொல்கிறது. விசுவாசத்துக்கு வந்து சில மாதங்களே ஆன ஏழை மக்கள் அவர்கள். மன்னார்த் தீவின் தோட்டவெளியில் இன்றும் அவர்களின் நினைவாக ஆலயம் இருக்கிறது.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை இடித்தார்கள். சைவர்கள் தங்கள் கோயிலை இழந்து பல தலைமுறைகள் பரிதவித்தார்கள். சிலுவையின் பெயரால் நடந்த அந்தக் கொடுமைக்குக் கிறிஸ்தவர்கள் எந்த நியாயமும் சொல்ல முடியாது. நூறு ஆண்டு கழிந்ததும், கோயிலை இழந்து ஓடும் முறை கத்தோலிக்கருக்கே வந்தது.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆனால் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கரைப் போர்த்துக்கேயரின் உளவாளிகளாகவும் சொரூபங்களை விக்கிரகங்களாகவும் பார்த்தார்கள். குருக்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. திருமணமும் பிள்ளைகளின் திருமுழுக்கும் சீர்திருத்த சபையில் பதிவானால்தான் சட்டத்தில் செல்லும். பதிவில்லாத பிள்ளைக்கு முதுசம் கேட்கும் உரிமை போய்விடும். வாள் எடுக்காமலே ஒரு சமூகத்தைக் கரைத்துவிடும் ஏற்பாடு இது. வெளியே ஒல்லாந்தக் கோயிலுக்குப் போய், வீட்டுக்குள் கதவைச் சாத்திச் செபமாலை சொன்னவர்கள் பலர். எவரும் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

மாந்தைக் கோயிலில் ஆரோக்கிய மாதா என்று வணங்கப்பட்ட சொரூபம் ஒன்று இருந்தது. அதை யார் கையிலும் கொடுக்க மாந்தை மக்களுக்கு மனம் வரவில்லை. 1670இல் இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் அந்தச் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கின.

காடு தந்த புகலிடம்

ஒல்லாந்தரின் கை கோட்டைகளிலும் கரையோர ஊர்களிலும் பலமாக இருந்தது. உள்நாட்டு வன்னிக் காட்டில் அது அவ்வளவாக எட்டவில்லை. காட்டில் யானையும் கரடியும் உண்டு. காய்ச்சல் உண்டு. எல்லாவற்றையும்விடப் பாம்பு உண்டு. கடற்கரையில் வலைவீசியும் வயலில் நெல் விதைத்தும் பழகிய மனிதர்கள் இந்தக் காட்டை விரும்பித் தேர்ந்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் ஏறத்தாழ 700 கத்தோலிக்கர் அதே காலத்தில் வன்னிக்குள் இறங்கினார்கள் என்பது வழிவழிச் செய்தி. இரு கூட்டமும் மருதமடு என்ற இடத்தில், இன்றைய மடுவில், சந்தித்தன. அங்கே ஒரு கொட்டில் போட்டுச் சொரூபத்தை வைத்தார்கள். போர்த்துக்கேயத் தளபதி ஒருவரின் மகள் எலேனா அங்கே முதற் கோயிலைக் கட்டினாள் என்றும் மடுவின் மரபு சொல்கிறது.

அந்தக் கொட்டிலில் பூசை வைக்கக் குரு இல்லை. நற்கருணை இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. திருமுழுக்குக் கொடுப்பதும், சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் மன்றாட்டுச் சொல்வதும், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பதும் ஊர் மூப்பரின் பொறுப்பாயின. கத்தோலிக்க வழிபாட்டில் குரு இல்லாமல் குடும்பமாகச் சொல்லக்கூடிய பெரிய செபம் செபமாலைதான். மாந்தையில் ஆரோக்கிய மாதாவாக இருந்தவர் மடுவில் செபமாலை மாதாவானார். அந்தப் பெயர்மாற்றத்துக்கு யாரும் காரணம் எழுதிவைக்கவில்லை என்றாலும், குருவற்ற காட்டில் அந்த மக்களின் கையில் மிஞ்சியது செபமாலை மணிகள்தான் என்பதை நினைத்தால் போதும்.

மடு மண்ணைப் பற்றிய நம்பிக்கையும் அந்தக் காலத்தில் வேர்விட்டதே. சொரூபம் நிறுவப்பட்ட இடத்து மண் பாம்பு விஷத்தைப் போக்கும் என்று மக்கள் நம்பினார்கள். இன்றும் யாத்திரிகர் ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். சைவர்களும் பௌத்தர்களும்கூட அதைக் கேட்டு வாங்குகிறார்கள். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் வைத்தியர் எவரும் எட்ட முடியாத காட்டில், இரவில் விறகுக் கட்டை எடுக்கக் கை நீட்டவே அஞ்சிய தாய் ஒருத்தி, 'இந்த மண் மாதாவின் மண்' என்று நெற்றியில் பூசிக்கொண்டு மறுநாளும் விறகெடுக்கப் போனாளே, அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். விசுவாசம் முதலில் செய்வது அதைத்தான்: மறுநாள் வேலைக்கு எழும்பவைக்கும்.

இப்படி ஏழு ஆண்டு அல்ல, பதினேழு ஆண்டு போயிற்று. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் என்ற குரு கூலியாளாக வேடமிட்டு யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டார் முகம் மாறுகிறதோ அந்த வீடு கத்தோலிக்க வீடு என்று அறிந்துகொண்டார். வன்னியிலும் கண்டியிலும் புத்தளத்திலும் கால்நடையாக அலைந்து, சிதறிக்கிடந்த மந்தையைச் சேர்த்தார். 1711இல் கண்டியில் இறந்தார். அவருக்குப் பின்னால் வந்த கோவாக் குருக்களில் ஒருவரான சாங்கோபாங்க சுவாமி எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை வடபகுதிக் கத்தோலிக்கர் தவக்காலத்தில் இன்றும் இராகத்தோடு படிக்கிறார்கள். ஒளிந்து வாழ்ந்த ஒரு சபை இப்படி ஓர் இலக்கியத்தையே பெற்றெடுத்தது.

முடி சூடிய காலம்

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீங்கின. மறைந்திருந்த சொரூபத்தை இனித் திறந்த வெளியில் பவனியாக எடுக்கலாம். மருதமடுவின் கொட்டில் கோயிலாயிற்று. யாழ்ப்பாண ஆயர் பொன்ஜீன் ஆண்டகை 1872இல் இப்போதைய பெரிய கோயிலின் கட்டுமானத்தைத் தொடங்கிவைத்தார். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் மடு றோட் நிலையத்தில் யாத்திரிகர் வந்து குவிந்தார்கள். அதற்கு முன்னர் மாட்டு வண்டிலில் நாட்கணக்காக வர வேண்டியிருந்தது.

1924ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள், பதினோராம் பத்திநாதர் பாப்பரசரின் அனுமதியோடு, அவரது பிரதிநிதி சொரூபத்துக்கு முடி சூட்டினார். மாந்தையிலிருந்து ஓடிவந்த இருபது குடும்பங்களின் பொருள் ஒரு நாட்டின் அரசியாயிற்று. அந்த யூலை 2ஆம் நாள் இன்றும் மடுவின் ஆடிப் பெருநாள். ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு நாள், அதைவிடப் பெரிய பெருநாள்.

மடுப் பெருநாளைத் தெரியாதவருக்கு ஒரு வார்த்தை. அது ஒரு நாளில் வந்து கும்பிட்டுவிட்டுப் போகும் திருவிழா அல்ல. கொடியேற்றத்துக்கே குடும்பங்கள் வந்துவிடும். மரங்களுக்கிடையில் தறப்பாள் கூடாரம் எழும்பும். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார்கள். பக்கத்துக் கூடாரத்தில் நீர்கொழும்பிலிருந்தோ சிலாபத்திலிருந்தோ வந்த சிங்களக் குடும்பம் இருக்கும். ஒரு வீட்டில் உப்பு முடிந்தால் மற்ற வீட்டில் வாங்கலாம். இரவில் ஒரு பக்கம் தமிழில் செபமாலை, மறுபக்கம் சிங்களத்தில். ஒலிபெருக்கியில் திருப்பலி இரு மொழிகளிலும் நடக்கும். ஊர் திரும்பும்போது பிள்ளைகள் கையில் கச்சான் பை இருக்கும். இலங்கையில் தமிழரும் சிங்களவரும் அரசியல் கட்டாயம் எதுவும் இல்லாமல், ஒரே தாயின் பிள்ளைகளாக ஒரே வெளியில் படுத்துறங்கிய இடங்கள் மிகக் குறைவு. மடு அவற்றில் முதன்மையானது.

ஷெல் விழுந்த இரவு

1990 ஆனியில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் மறுபடி மூண்டது. மடு றோட்டுக்கு வந்த ரயில் நின்றது. மன்னார்க் கரையிலிருந்து பல ஆயிரம் பேர் படகேறி இராமேஸ்வரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் போனார்கள். படகுக்கு வழியில்லாதவர்கள் மடுவுக்கு ஓடினார்கள். யாத்திரிகர் கூடாரம் அடித்த அதே மரங்களின் கீழ் அகதிக் கொட்டில்கள் முளைத்தன. ஐ.நா. அகதிகள் நிறுவனம் அங்கே நிவாரண மையம் திறந்தது. மாதாவின் எல்லைக்குள் ஆயுதம் வராது என்று மக்கள் நம்பினார்கள். 320 ஆண்டுக்கு முன் மாந்தை மக்கள் எந்த நம்பிக்கையில் காட்டுக்கு வந்தார்களோ, அதே நம்பிக்கை.

அந்த நம்பிக்கை 1999 நவம்பர் 20ஆம் நாள் இரவு அடிவாங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் இராணுவம் மடுவைப் பிடித்திருந்தது. நவம்பரில் புலிகள் எதிர்த்தாக்குதல் தொடங்கினார்கள். சண்டை நெருங்கியபோது ஆயிரக்கணக்கானோர் கோயில் வளவுக்குள் வந்து அடைந்தார்கள். அந்த இரவில் ஷெல்கள் கோயில் வளவுக்குள்ளேயே விழுந்தன. செபித்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். இரு தரப்பும் மற்றத் தரப்பைக் குற்றம் சாட்டின.

மடுவைப் பற்றி எழுதும் எவரும் இந்த இரவைத் தாண்டிப் போகக் கூடாது. சொரூபம் உடையவில்லை என்று சிலர் புதுமையாகச் சொல்வதுண்டு. அப்படிச் சொல்லி ஆறுதல் தேட என்னால் முடியவில்லை. சொரூபம் பிழைத்துப் பிள்ளைகள் சாவதை எந்தத் தாயும் விரும்ப மாட்டாள், மாதாவும் விரும்பியிருக்க மாட்டாள். கிறிஸ்தவ விசுவாசம் ஷெல்லைத் தடுக்கும் கூரை என்று யாராவது போதித்தால், 1999 நவம்பர் 20 அந்தப் போதனையைப் பொய்யாக்கிவிட்டது. மாதா தம் சொந்த மகனையே சிலுவையிலிருந்து இறக்கிக்கொள்ள முடியாமல் அடியில் நின்றவர். மடு மாதாவை வணங்கும் பெண்கள் இதை எந்த மறைவல்லுநரையும்விட நன்றாக அறிவார்கள். தம்மைச் சாவிலிருந்து விலக்கிவைக்கும் தெய்வத்தை அவர்கள் கேட்கவில்லை. சாவின் அருகே தம்மோடு நிற்கும் தெய்வத்தைக் கேட்டார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்துவிட்டு, இடிந்த சுவரைச் சாந்து பூசிவிட்டு, மறுபடியும் அதே வளவில் முழங்காலில் நின்றார்கள். அதுதான் நம்பிக்கை. அதற்கு மேல் ஒரு புதுமையும் தேவையில்லை.

தேவன்பிட்டி

2007 முடிவில் போர் மறுபடியும் மடுவை நெருங்கியது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை மடுவை அமைதி வலயமாக அறிவிக்கும்படி இரு தரப்பையும் மன்றாடிக் கேட்டார். கேட்டது கிடைக்கவில்லை. 2008 சனவரி 29ஆம் நாள் மடுவுக்கு அண்மையில் தட்சணாமடுவில் பஸ் ஒன்று கிளைமோர்க் கண்ணிவெடியில் சிக்கியது. இறந்தவர்களில் பாடசாலைப் பிள்ளைகள் பலர். மார்ச் முடியும்போது மடுவைச் சுற்றியிருந்த மக்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கோயிலில் எஞ்சியவர்கள் சில குருக்களும் கன்னியரும் பணியாளர்களும்தான். ஷெல்கள் வளவுக்குள் விழத் தொடங்கின.

ஏப்ரல் 3ஆம் நாள் குருக்கள் சொரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்கினார்கள். வாகனத்தில் ஏற்றி வடக்கே, மாந்தை மேற்கின் கடலோரக் கிராமமான தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சவேரியார் கோயிலில் வைத்தார்கள். 1544இல் மன்னாருக்குக் குருவை அனுப்பிய அதே சவேரியார். தேவன்பிட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்போது இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இடம்பெயர்ந்து வந்தவர்கள். தங்கள் மாதாவும் தங்களைப்போல் ஊரை விட்டு வந்திருப்பதை அந்தச் சிறிய கோயிலில் கண்டார்கள்.

தெற்கில் சிலர் ஆயரைக் கடுமையாகக் குறைசொன்னார்கள். சொரூபத்தைப் புலிகளின் பகுதிக்குக் கொண்டுபோனது அரசியல் என்றார்கள். ஆனால் ஆயருக்கு முன்னால் இருந்த கேள்வி எளிமையானது: மக்கள் எங்கே போனார்கள்? மக்கள் போன திசையிலேயே மாதாவும் போனார். 1670இலும் அப்படித்தான் நடந்தது. சொரூபத்தைக் காப்பாற்றவே கொண்டுபோனார்கள் என்பது பாதி உண்மை. மறுபாதி, அந்தச் சொரூபம் பக்கத்தில் இல்லாமல் அந்த மக்களால் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் கடைசியில் இராணுவம் மடுவைக் கைப்பற்றியது. ஆகஸ்ட் முற்பகுதியில் போர்முனை தேவன்பிட்டியையும் கடந்தது. அதே மாதம், விண்ணேற்புப் பெருநாளுக்குச் சற்று முன், சொரூபம் மடுவின் பீடத்துக்குத் திரும்பியது. இரண்டாம் இடப்பெயர்வு நான்கு மாதத்தில் முடிந்தது.

திரும்பாதவர்கள்

மாதா திரும்பினார். மக்கள் திரும்பவில்லை. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

மாந்தை மேற்கின் மக்கள் இராணுவம் முன்னேற முன்னேறக் கிழக்கே தள்ளப்பட்டார்கள். கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். போகும் வழியெல்லாம் பதுங்கு குழி வெட்டினார்கள். தறப்பாளின் கீழ் குருக்கள் பூசை வைத்தார்கள். 2009 மே 18ஆம் நாள், போர் முடிந்த அந்த நாளில், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசேப்பு அடிகளார் சரணடைந்தவர்களோடு தாமும் போனார். அவர்களைத் தனியே விட மனமில்லாமல் கூடப் போனவர் அவர். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை.

பிழைத்த ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவற்றில் மிகப் பெரியது செட்டிகுளம் மெனிக் பாம். மடு றோட்டிலிருந்து அது அதிக தூரமில்லை. 2009 ஆகஸ்ட் 15 பெருநாளுக்குத் தெற்கிலிருந்து யாத்திரிகர் இலட்சக்கணக்கில் பஸ்ஸில் வந்தார்கள். போரினால் வர முடியாமலிருந்தவர்கள்; அவர்களின் மகிழ்ச்சி உண்மையானது. அதே நாளில், முந்தைய ஆண்டு தேவன்பிட்டியில் மாதாவைச் சூழ்ந்து நின்ற மக்கள் முட்கம்பிக்குப் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2011 சனவரியில் இராயப்பு யோசேப்பு ஆண்டகை அரசு நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? முதல் எண் அரச அலுவலகங்களின் பதிவிலிருந்தும், இரண்டாவது ஐ.நா.வின் அறிக்கையிலிருந்தும் எடுத்தவை. ஆயர் யாரையும் பழிசுமத்தவில்லை. கழித்துப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். 2021 ஏப்ரல் 1ஆம் நாள் இறக்கும்வரை அந்தக் கேள்வியை அவர் கைவிடவில்லை. மாந்தையிலிருந்து சொரூபத்தைத் தூக்கிவந்தவர்களின் வழித்தோன்றல் என்று அவரைச் சொல்வது மிகை ஆகாது. அவர்கள் சொரூபத்தை விடவில்லை. இவர் எண்ணிக்கைக்குள் காணாமற்போன மனிதர்களை விடவில்லை.

கையில் ஏந்திய பாப்பரசர்

2013இல் மடு றோட்டுக்கு ரயில் மறுபடியும் வந்தது. 2015 சனவரி 14ஆம் நாள் காலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் யோசப் வாசைப் புனிதராக உயர்த்தினார். பிற்பகலில் ஹெலிகொப்டரில் மடுவுக்கு வந்தார். இலட்சக்கணக்கான மக்கள் முன், சொரூபத்தைக் கையில் எடுத்து உயர்த்தி அவர்களை ஆசீர்வதித்தார். போரில் இரு பக்கமும் பிள்ளைகளை இழந்த தமிழ், சிங்களக் குடும்பங்களைப் பற்றியும், உண்மையோடு கூடிய மன்னிப்பைப் பற்றியும் பேசினார். இருபது குடும்பங்கள் ஒளித்துக்கொண்டுவந்த பொருளை உரோமையின் ஆயர் பகல் வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். மாந்தையிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர்கூட இதைக் கற்பனை செய்திருக்க முடியாது.

துன்பம் அதோடு முடிந்துவிடவில்லை. 2019 உயிர்ப்பு ஞாயிறு காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. ஆண்டுதோறும் மடுவில் கூடாரம் அடிக்கும் நீர்கொழும்புச் சிங்களக் குடும்பங்கள் பல ஒரே காலையில் சிதைந்தன. கட்டுவாப்பிட்டியில் இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சொரூபத்தைக் கழுவாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வழிபடப் போன இடத்தில் பிள்ளைகளைப் பறிகொடுப்பது என்றால் என்ன என்பதை வடக்கும் தெற்கும் இப்போது ஒன்றாக அறியும்.

புலம்பெயர்ந்தவர்களும் மடுவை விட்டுவிடவில்லை. யேர்மனியின் கெவெலார் மாதா திருத்தலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஈழத் தமிழர் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அவர்களில் சைவர்களும் நிறையப் பேர். மடுவுக்குப் போக முடியாதவர்கள் மடுவில் செய்ததையெல்லாம் அங்கே செய்கிறார்கள்: செபமாலை, பவனி, மரத்தடியில் கட்டுச்சோறு.

இனி

2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கினார்கள். அதே மாதத்தில் வவுனியாவிலும் தொடங்கினார்கள். மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் இருந்த அந்தப் பெண்களில் பலர் மகனைப் பற்றி ஒரு செய்தியும் அறியாமலே இறந்துவிட்டார்கள். மாந்தைக் குடும்பங்கள் சொரூபத்தை எப்படிப் பிடித்துக்கொண்டனவோ, அப்படியே அவர்கள் அந்தப் படங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதிகாரம் எதுவும் இல்லாதவர்கள், தங்களால் தூக்க முடிந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு, அதைக் கீழே வைக்க மறுக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் எதிர்நோக்கு என்று சொல்வது இதைத்தான். எல்லாம் நல்லபடி முடியும் என்ற எதிர்பார்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முடிவு தெரியாதபோதும் அன்பு வைத்ததைக் கைவிடாமலிருப்பதே அது.

மடுவுக்குப் போகும் ஒவ்வொருவரிடமும், தமிழரானாலும் சிங்களவரானாலும், ஒரு வேண்டுகோள். சொரூபத்தின் முன் முழங்காலில் நிற்கும்போது உங்கள் வீட்டுக்காகக் கேளுங்கள். 1999இல் அந்த வளவில் இறந்தவர்களுக்காகவும் கட்டுவாப்பிட்டியில் இறந்தவர்களுக்காகவும் ஒரு செபமாலை சொல்லுங்கள். இன்னும் திரும்பாதவர்களின் தாய்மாருக்காக மற்றொன்று சொல்லுங்கள். ஊர் திரும்பியபின் அந்தத் தாய்மாரின் கேள்வியை நீங்களும் கேளுங்கள். உங்கள் பங்குச் சுவாமியாரிடம் கேளுங்கள், உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். மடுவின் மக்கள் செபத்தையும் கேள்வியையும் ஒருபோதும் பிரித்து வைத்ததில்லை. 146,679 பேர் பற்றிய ஆயரின் கேள்விக்கு அரசு இன்றுவரை பதில் சொல்லவில்லை.